33 எடுத்தால் அடிமையா?

எங்கள் டாண்டினாங் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "பையன் போனுக்கு அடிமையாயிட்டாங்க..." உடனே ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். விக்டோரியா அரசுப் பள்ளிகளில் 2020-லேயே போனுக்குத் தடை வந்துவிட்டது. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சமூக வலைத்தளங்களில் கணக்கு கொடுக்கக் கூடாது என்ற ஆஸ்திரேலியச் சட்டமும் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தாயிற்று. ஆனாலும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. (புலம்புகிற அப்பாக்கள் கையிலும் போன் இருக்கும் என்பது வேறு விஷயம் :-) )

அந்த 'அடிமை' என்ற சொல்தான் எனக்கு இடறும். நான் ஏலப்பாறைக்காரன். தெரியாதவர்களுக்காக: இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா, குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகிற பாதையில் உள்ள சின்ன டவுன். பெயரில் ஏலம் இருந்தாலும் சுற்றிலும் தேயிலைதான். எங்கள் தாத்தாமார்களைக் கங்காணி முன்பணம் கொடுத்து மலையேற்றிக் கூட்டிவந்தார். கடன் தீருகிறவரை இறங்க முடியாது. ஆங்கிலத்தில் அடிக்‌ஷன் என்கிறோமே, அதன் வேரும் இப்படிப்பட்டதுதான். பழைய ரோமில் வாங்கிய கடனைக் கட்ட முடியாதவனைக் கடன் கொடுத்தவன் கையிலேயே ஒப்படைத்துவிடுவார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்டவனுக்கு 'அடிக்டஸ்' என்று பெயர்.

ஆக, ஒருத்தரை அடிமை என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதை மார்க் போட்டுச் சொல்வதென்றால் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

மார்க்கா என்கிறீர்களா? ஆமாம். போன வருடம் என் அக்கா மகளுக்கு 38 மார்க் வந்தது. மொத்தம் 60. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். இந்தப் பரீட்சையில் பெண்பிள்ளை 33-ஐத் தொட்டாலே 'ஸ்மார்ட்போன் அடிமை'.

விஷயம் இதுதான். அவள் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள் (கல்லூரி எது என்பது இங்கே தேவையில்லை). யாரோ புராஜெக்டுக்காக 10 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை விடுதி வாட்ஸாப் குழுவில் அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளும் நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு அந்த மார்க் பட்டியல் விடுதி நிர்வாகத்தின் கைக்குப் போயிருக்கிறது. கோட்டைத் தாண்டியவர்களைக் கூப்பிட்டுப் புத்திமதி சொன்னதோடு, தினமும் சாயங்காலம் 6 முதல் 9 வரை போனை வார்டன் அறையில் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். என் அக்கா இன்னமும் கொழுந்து பறிக்கிறவள். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, லயத்துக்கு வந்து உலை வைத்து, ரேஞ்ச் கிடைக்கிற திண்ணை மூலைக்கு வருவதற்கு 7 மணி ஆகிவிடும். 9 மணிக்குத் தூங்கினால்தான் விடியற்காலையில் எழுந்திரிக்க முடியும்.

"மாமா, அம்மாட்ட பேசணும்னு தோணுறதும் அடிமைத்தனந்தானா?" என்று அவள் கேட்டாள்.

நான் இங்கே ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். இரத்த அழுத்தக் கருவி, எடை மெஷின், மருந்து ஏற்றுகிற பம்ப், இப்படி. ஒரு கருவி ஒரு எண்ணைக் காட்டினால் எங்கள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வி: இதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்? அதே கேள்வியோடு இந்த 33-ன் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். கிடைத்த கதை ரொம்ப சுவாரசியமானது.

விளையாட்டாக ஆரம்பித்தது

1995-ல் நியூயார்க்கில் இவான் கோல்ட்பர்க் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் புத்தகம் ஒவ்வொரு நோய்க்கும் அடையாளங்களை வரிசை போட்டு எழுதுகிற பாணியைக் கிண்டல் செய்ய நினைத்தார். 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றை இட்டுக்கட்டி, அதற்கு அறிகுறிகளையும் எழுதி, தன் இணையப் பலகையில் போட்டார். டைப் அடிப்பது போல விரல்கள் தானாக அசையும் என்பதும் அந்த அறிகுறிகளில் ஒன்று! படித்துச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஆனால், "டாக்டர், எனக்கு இது இருக்கிறது, உதவுங்கள்" என்று நிஜமாகவே ஆட்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996-ல் டொரன்டோவில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். சூதாட்டப் பித்துக்கு மருத்துவர்கள் வைத்திருந்த அடையாளங்களை எடுத்து, சூதாட்டம் இருந்த இடத்தில் இணையத்தை வைத்து, 8 கேள்விகள் தயாரித்தார். ஐந்துக்கு 'ஆம்' என்றால் அடிமை. அந்தக் கணக்கில் அவர் ஆய்வில் 396 பேர் அடிமைகள், 100 பேர் அடிமை அல்லாதவர்கள். 1998-ல் அவர் புத்தகம் வந்தது. அவருடைய 20 கேள்விச் சோதனை உலகமெல்லாம் சுற்றியது.

யங் வெறுமனே பயமுறுத்தியவர் அல்ல. அரட்டை அறைகளில் ராத்திரி பகலாக உட்கார்ந்து குடும்பம் குலைந்துபோனவர்களை அவர் நேரில் பார்த்தவர். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகை அளவுகோல்களின் முதல் அச்சு சூதாட்டத்திலிருந்து வந்தது. சூதாடியிடம் "சீட்டு இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏனென்றால் சீட்டு இல்லாமல் எல்லோராலும் வாழ முடியும்.

மெல்போர்னில் வந்த 27 கேள்விகள்

அடுத்த கட்டம் நான் குடியிருக்கிற ஊரிலேயே நடந்திருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியானா பியாங்கி, ஜேம்ஸ் பிலிப்ஸ் இருவரும் 2005-ல் செல்போனுக்கென்றே ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். 27 கேள்விகள், 195 பேர். அப்போது ஐபோன் கிடையாது. (அது 2007 ஜூனில்தான் வந்தது.) பேசுவது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது, பாம்பு விளையாட்டு ஆடுவது, இவ்வளவுதான் செல்போன். பில் எகிறுவதுதான் அன்றைக்குப் பெரிய கவலை.

நம்ம பக்கம் அப்போது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதே 2005-ல்தான் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்கு ஆடைக் கட்டுப்பாட்டோடு சேர்த்து வளாகத்தில் செல்போனுக்கும் தடை போட்டது. எங்கள் ஏலப்பாறையில் எஸ்.டி.டி. பூத் வாசலில் வரிசை நின்ற காலம். 2000-க்குப் பிறகு பீர்மேடு தாலுகாவில் எஸ்டேட் மேல் எஸ்டேட்டாக மூடிக் கிடந்தது. பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் தேனிக்கும் எர்ணாகுளத்துக்கும் ஆட்கள் இறங்கிப் போனார்கள். போனவர்களுக்கும் மலையில் இருந்தவர்களுக்கும் நடுவே ஒரே நூல் அந்த ஒரு ரூபாய் போன்தான்.

2008-ல் இங்கிலாந்தில் அஞ்சல் துறை நிறுவனம் தன் போன் வியாபாரத்துக்காக ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கச் சொன்னது. 2,163 பேரைக் கேட்டதில் 53 சதவீதம் பேருக்குப் போன் தொலைந்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பதற்றம் வருகிறதாம். அதற்கு 'நோமோபோபியா' என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். வியாபாரத்துக்காகப் பிறந்த பெயர் இரண்டே வருடத்தில் மருத்துவ ஏட்டுக்குள் நுழைந்தது. 2010-ல் இந்தூர் மருத்துவக் கல்லூரியில் 200 பேரிடம் நடந்த ஆய்வு, 18.5 சதவீதம் பேருக்கு நோமோபோபியா என்று அறிவித்தது. இந்தியக் கல்லூரி மாணவர்களை இப்படி எண்ணிய ஆரம்ப ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

கொரியாவில் பிறந்த 33

இனி என் அக்கா மகளின் 33-க்கு வருவோம். அது பிறந்தது தென்கொரியாவில்.

வேகமான இணையம் வீட்டுக்கு வீடு முதலில் போன நாடுகளில் ஒன்று கொரியா. பிள்ளைகள் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கூடங்களில் பழியாய்க் கிடக்கிறார்கள் என்ற கவலையும் அங்கே சீக்கிரமே வந்தது. அரசாங்கமே அளவுகோல் தயாரித்து நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. 2011-ல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். (பத்து வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு 2022 ஜனவரியில் அதை நீக்கியும் விட்டார்கள்.)

இந்தச் சூழலில் 2013-ல் மின் க்வோன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 33 கேள்விகளோடு 'ஸ்மார்ட்போன் அடிமை அளவுகோல்' ஒன்றை வெளியிட்டார்கள். அதே வருடக் கடைசியில் அதைச் சுருக்கி 10 கேள்விகளாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மார்க். குறைந்தது 10, அதிகம் 60. ஆண்பிள்ளைக்கு 31, பெண்பிள்ளைக்கு 33 என்று கோடு போட்டார்கள்.

என்ன கேட்கிறார்கள்? என் வார்த்தையில் சொன்னால்: போனால் வேலை தவறிப்போகிறதா, வகுப்பில் கவனம் சிதறுகிறதா, கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கிறதா, போன் இல்லாவிட்டால் தாங்க முடியாதா, கையில் இல்லாதபோதும் நினைப்பு அங்கேயே இருக்கிறதா, மற்றவர்கள் பேசுவது தப்பிவிடக் கூடாதென்று எடுத்து எடுத்துப் பார்க்கிறாயா, நினைத்ததை விட அதிக நேரம் போகிறதா, 'நீ ரொம்பப் பார்க்கிறாய்' என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களா... இந்த மாதிரி.

சரி, அந்தக் கோட்டை எதோடு ஒப்பிட்டுப் போட்டார்கள்? இதுதான் முக்கியம். 540 கொரியப் பிள்ளைகள். 343 பையன்கள், 197 பெண்கள். சராசரி வயது பதினாலரை. அந்தப் பிள்ளைகளை நிபுணர்கள் பார்த்துச் சொன்ன கருத்தோடு மார்க்கைப் பொருத்தி, எந்த இடத்தில் கோடு போட்டால் பிசகு குறைவாக இருக்கும் என்று பார்த்துப் போட்டார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஒழுங்கான வேலைதான்.

ஆனால் அந்தக் கோடு அங்கேயே நிற்கவில்லை. எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் கொரியப் பிள்ளைக்குப் போட்ட கோட்டை, 20 வயதில் எம்.பி.பி.எஸ். படிக்கிறவருக்கும் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறவருக்கும் அப்படியே வைத்து அளந்தார்கள். குழந்தைக்கு வைத்த இரத்த அழுத்தப் பட்டையைப் பெரியவர் கையில் சுற்றினால் எண் காட்டத்தான் செய்யும். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த எண்ணை யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

ஏன் எப்போதும் கல்லூரி மாணவர்கள்?

2014-ல் இந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, 39 முதல் 44 சதவீதம் வரை ஸ்மார்ட்போன் அடிமை என்றது. 2015-ல் சுவிட்சர்லாந்தில் தொழிற்கல்வி மாணவர்கள் 1,519 பேரிடம் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்டபோது வந்தது 16.9 சதவீதம். 2019-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்காரர்கள் 41 ஆய்வுகளை, 41,871 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக, 23 சதவீதம். 2022-ல் மெக்கில் பல்கலைக்கழகம் 24 நாடுகளில் 33,831 பேரின் மார்க்கை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சீனா, சவுதி அரேபியா, மலேசியா மேலே. ஜெர்மனி, பிரான்ஸ் கீழே.

இதில் பெரும்பகுதி ஏன் கல்லூரி மாணவர்களையே சுற்றுகிறது? அவர்கள்தான் அதிகமாகப் போன் பார்க்கிறார்கள் என்பது ஒரு பாதி. மறுபாதி ரொம்ப எளிது. ஆய்வு செய்கிறவர் கல்லூரி ஆசிரியர் அல்லது பட்ட மேற்படிப்பு மாணவர். எதிரே வகுப்பறை நிறைய ஆட்கள். படிவத்தை நீட்டினால் ஒரே மணி நேரத்தில் 200 பேர் நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். கொழுந்து பறிக்கிற பெண்களிடமோ லாரி டிரைவர்களிடமோ அப்படி முடியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா தண்ணீர் மாதிரி ஓட ஆரம்பித்ததும் இந்த ஆய்வுகளும் பெருகின. அதே நேரம் உண்மையான சிகிச்சை இடங்களும் வந்தன. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2014-ல் 'ஷட்' என்ற பெயரில் தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்றே கிளினிக் திறந்தது. 2016-ல் டெல்லி எய்ம்ஸிலும் ஒன்று தொடங்கியது. கேரளப் போலீஸ் 2023-ல் 'டி-டாட்' என்று சிறுவர்களுக்கான மையங்களைத் தொடங்கியது. இப்படிப்பட்ட இடங்களில் பிள்ளையோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கேள்வித்தாள் அங்கே பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு சாவி மட்டும்தான்.

தராசையே நிறுத்துப் பார்த்தபோது

எங்கள் ஊரில் கொழுந்து நிறுக்கிறபோது சாக்கு எடை, தண்ணீர் எடை என்று கழிப்பார்கள். மழை நாளில் கழிவு கூடும். முள் காட்டுகிற எண்ணில் எவ்வளவு இலை, எவ்வளவு மழை என்பது அக்காவுக்கு அத்துபடி. அடிமை மார்க்கிலும் எவ்வளவு போன், எவ்வளவு கவலை என்று பார்க்க வேண்டாமா? சிலர் பார்த்திருக்கிறார்கள்.

2015-ல் இங்கிலாந்தில் 23 பேர் போனில் ஒரு செயலியைப் போட்டு இரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 85 தடவை போனைத் தொட்டிருந்தார்கள். அவர்களாகச் சொன்ன கணக்கு அதில் பாதி கூட இல்லை. தொட்டதில் பாதிக்கு மேல் 30 வினாடிக்கும் குறைவு. மனிதனுக்குத் தன் பழக்கத்தை எண்ணத் தெரியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2018-ல் ஆப்பிள் போனிலேயே நேரக்கணக்கு வந்தது. டேவிட் எல்லிஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் அதை வைத்து 238 பேரின் உண்மையான பயன்பாட்டையும், பல அடிமை அளவுகோல்களில் அவர்கள் எடுத்த மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. பொருத்தம் மோசம். இருந்ததில் கொஞ்சம் ஒத்துப்போனது, "எவ்வளவு நேரம் பார்ப்பாய்?" என்ற ஒற்றைக் கேள்வியும், அடிமைத்தனம் என்று பேசாமல் பழக்கம் என்று பேசிய அளவுகோலும்தான். 2020-ல் ஹெதர் ஷா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். மனச்சோர்வு, பதற்றம் இவற்றோடு கூடவே வந்தது 'நான் அதிகம் பார்க்கிறேனோ' என்ற கவலைதான். போனில் பதிவான உண்மையான நேரம் அவ்வளவாகச் சேர்ந்து வரவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதே 2020-ல் லியாம் சாட்செல் குழு செய்த வேலை. சமூக வலைத்தள அடிமைத்தனத்தை அளக்கிற அளவுகோல்களை எடுத்து, வலைத்தளம் வந்த இடத்தில் 'நண்பர்களை நேரில் பார்ப்பது' என்று மாற்றி 807 பேரிடம் கேட்டார்கள். 69 சதவீதம் பேர் 'நண்பர்களுக்கு அடிமை' என்று வந்தது! கோல்ட்பர்க் 1995-ல் செய்த கிண்டல்தான் ஒரு சுற்று சுற்றி, இந்தத் தடவை புள்ளிவிவரத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

ரேஞ்ச் இல்லாத மலையில்

இப்போது அந்தக் கேள்விகளை எங்கள் மலைக்குக் கொண்டு வாருங்கள். "போன் இல்லாவிட்டால் உன்னால் தாங்க முடியுமா?"

2020 ஜூன் 1-ம் தேதி கேரளாவில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்று விக்டர்ஸ் சானலில் பள்ளி வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் யூடியூபில் வந்தன. அதாவது டி.வி. இருந்தால் போதாது, போனும் ரேஞ்சும் வேண்டும். மூணாறு ராஜமலைப் பிள்ளைகள் ரேஞ்ச் கிடைக்கிற இடம் தேடிப் போய்ச் சாலையோரம் உட்கார்ந்து பாடம் கேட்டது அந்த வருடம் செய்தியானது. அதே ராஜமலையின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டு போய், போன் தொடர்பும் இல்லாததால் வெளியுலகுக்குச் சேதி மறுநாள் காலையில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மலையில் வளர்ந்த பிள்ளையிடம் "போன் இல்லாவிட்டால் பதறுகிறாயா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் 6 மார்க் போடுவதா?

இதற்கு ஒரு வருடம் முன்னாலேயே கேரள உயர்நீதிமன்றம் விடுதியும் போனும் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. கோழிக்கோடு மாவட்டத்து மகளிர் விடுதி ஒன்றில் முதலில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை போன் கூடாது என்றிருந்ததை, பிறகு சாயங்காலம் 6 முதல் 10 வரை என்று மாற்றினார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த ஒரு மாணவி, 'படிப்புக்கே போன் வேண்டும்' என்று ஒத்துக்கொள்ள மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பர் 19-ல் நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும். ஒழுங்கு என்ற பெயரில் அதை அப்படி மறிக்க முடியாது. மாணவியை விடுதியில் மறுபடி சேர்க்க வேண்டும். கல்லூரி விடுதியில் இருக்கிறவர்கள் வளர்ந்த மனிதர்கள், போனை எப்போது வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவர்களுக்குத் தெரியும் என்கிற எண்ணம் அந்தத் தீர்ப்பு முழுக்க ஓடுகிறது.

அப்படியானால் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவன். ராத்திரி 2 மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்து காலையில் வகுப்பில் தூங்குகிற பிள்ளையை நானும் பார்க்கிறேன். கிங்ஸ் கல்லூரித் தொகுப்பில் அதிக மார்க் எடுத்தவர்களிடம் தூக்கக் குறைவும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. எது முதலில் வந்தது என்பதுதான் அதில் தெரியாது. மனசு சரியில்லாத பிள்ளை போனுக்குள் ஒதுங்குகிறதா, போன் மனசைக் கெடுக்கிறதா? இரண்டும் நடக்கலாம். முதலாவதாக இருந்தால் போனைப் பிடுங்குவது ஜுரத்துக்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதை.

வைத்தியர்களின் நிலை என்ன? 2013-ல் வந்த அமெரிக்க நோய்ப் பட்டியல் சூதாட்டத்தை மட்டும் அடிமை நோய்களோடு சேர்த்தது. இணைய விளையாட்டை 'இன்னும் ஆராய வேண்டியது' என்று பின்னால் வைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒப்புக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் இரண்டிலும் கிடையாது.

புதுசாக வருகிற எதையும் இப்படிப் பார்ப்பது மனிதருக்குப் பழக்கம்தான். நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்த தேயிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1756-ல் லண்டனில் ஜோனஸ் ஹான்வே என்பவர், தேநீர் உடம்பைக் கெடுக்கும், உழைப்பைக் கெடுக்கும், நாட்டையே ஏழையாக்கும் என்று கட்டுரை எழுதினார். தேநீர்ப் பிரியரான சாமுவேல் ஜான்சன் அடுத்த வருடமே அதைக் கிழித்துப் போட்டு விமர்சனம் எழுதினார். காப்பி வந்தபோது நம்மவர்கள் பட்ட கவலையை ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தில் படிக்கலாம். தேநீர் கெடுதல் என்றவர்கள் சொன்னதில் துளி உண்மை இருந்தது. அதிகம் குடித்தால் தூக்கம் போகும். ஆனால் அதற்காகத் தேநீர் குடிக்கிற எல்லோரையும் அடிமை என்று பட்டியல் போட்டால் அந்தப் பட்டியலுக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு மார்க் வந்தால், அது ஊரில் இருக்கிற தங்கச்சி மகனாக இருந்தாலும் சரி, இங்கே மோனாஷில் படிக்கிற உங்கள் மகளாக இருந்தாலும் சரி, மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, அந்தக் கோடு யாரை வைத்துப் போட்டது, எந்த வயது, எந்த நாடு? இரண்டு, போனிலேயே இருக்கிற நேரக்கணக்கைப் பார்த்தீர்களா? மொத்த மணி நேரத்தை விட, அதில் எது படிப்பு, எது அம்மாவின் குரல், எது நடுராத்திரி ரீல்ஸ் என்று பிரித்துப் பாருங்கள். மூன்று, எது கெட்டுப் போயிருக்கிறது? தூக்கமா, சாப்பாடா, படிப்பா, நட்பா? கெட்டதற்குப் பெயர் சொல்ல முடிந்தால் வைத்தியரிடம் போகலாம், வழி பிறக்கும். சொல்ல முடியாவிட்டால் கையில் இருப்பது வெறும் எண்.

கல்லூரிகளிடம் கேட்க நாலாவது ஒன்றும் உண்டு. ஆய்வுக்கென்று நிரப்பிக் கொடுத்த படிவம், பெயரோடு விடுதி நிர்வாகத்தின் மேஜைக்கு எப்படிப் போனது?

அக்கா மகள் இவற்றையெல்லாம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி, தோழிகள் ஆறு பேர் கையெழுத்தோடு கொடுத்தாள். தன் போனின் ஒரு வாரக் கணக்கையும் கூட வைத்தாள். அதில் வாட்ஸாப் அழைப்புதான் முதலிடம், அதிலும் பாதி லயத்துக்கு. இப்போது போன் ஒப்படைக்கிற நேரம் ராத்திரி 10-க்கு மேல் என்று மாறியிருக்கிறது. பட்டியலும் நோட்டீஸ் போர்டுக்கு வரவில்லை. 10-க்கு மேல் போனை வைத்துவிடுவது நல்லதுதான் என்று அவளே சொல்கிறாள். தூக்கம் வருகிறதாம்.

பி.கு.: அந்தப் பத்துக் கேள்விகளைப் பிள்ளைகளுக்கு நீட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஊரில் இருக்கிற அம்மா அப்பாவோடு தினமும் பேசுகிற எந்தப் புலம்பெயர்ந்த தமிழருக்கும் 31-ம் 33-ம் தாண்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. எங்கள் வீட்டில் முதல் ரேங்க் யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் :-)